நடுக்கூடத்து ஸ்விட்ச்

கோமளம் மாமி பதினோரு வருஷமாக எந்த ஸ்விட்சையும் விரலால் தொட்டதில்லை. வேறு வழியே இல்லாதபோது தயிர் கடையும் மத்தின் நுனியால் தட்டிவிடுவாள். மற்றபடி அந்த வீட்டில் விளக்கு போடுவதும் அணைப்பதும் ராஜத்தின் வேலை. ராஜம் மாமிக்கு நாத்தனார். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அவள் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு வருவாள். லீவு நாள் என்றால் மாமி சமையல்கட்டில் இருட்டிலேயே காத்துக்கொண்டிருப்பாள்.

செங்கல்பட்டில் மாமி வேலை பார்த்த அலுவலகத்திலும் இது எல்லோருக்கும் தெரியும். "மாமி கடைசியா கிளம்ப மாட்டாங்க சார், லைட்டை யாரு அணைக்கிறது?" என்று முத்துசாமி என்கிற பியூன் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். மாமியும் சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்கு நடப்பாள்.

அந்த வேலையே கணவர் இறந்ததால் கருணை அடிப்படையில் வந்தது. மாமி கருங்குழியில் பிறந்து, பத்தொன்பது வயதில் மாமல்லபுரத்துக்கு வாழ வந்தவள். கணவர் பட்டாபி யூனியன் அலுவலகத்தில் கிளார்க். பதினான்கு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, தொண்ணூற்று மூன்றில் மாட வீதிக்குப் பின்னால் சொந்தமாக ஒரு வீடு கட்டினார்கள். கொத்தனார், தச்சர் எல்லாம் வெளியாட்கள். வயரிங் மட்டும் பட்டாபியே செய்தார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, தேக்குச் சட்டங்களை அறுத்து, சுவரில் அடித்து, வயரை இழுத்து, ஒரு கோடை விடுமுறை முழுக்கச் செய்தார். முதல் விளக்கு எரிந்த அன்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில், போகிக்கு முந்தின நாள் காலை, கூடத்து நடுவில் பல்பு போய்விட்டது. குளித்த ஈர வேட்டியோடு இரும்பு ஸ்டூலைப் போட்டு ஏறினார். "கோமளம், ஸ்விட்சை அணை" என்றார். மாமி அடுப்படியிலிருந்து வந்து அணைத்துவிட்டுப் போனாள். பாலைக் கீழே இறக்குவதற்குள் கூடத்தில் ஸ்டூல் சாய்ந்த சத்தம்.

அணைத்துவிட்டுத்தான் போனாள். அப்படித்தான் நினைவு. ஆனால் ஒரு நினைவை எத்தனை தடவை வெளியில் எடுத்துப் பார்ப்பது? எடுத்து எடுத்து அது தேய்ந்துவிட்டது. சில நாள் தன் விரல் ஸ்விட்சின் மேல் இருப்பது தெளிவாகத் தெரியும். சில நாள் பால் பொங்குகிறதே என்று பாதியிலேயே திரும்பி ஓடியது போல இருக்கும். ராஜம் குரலை உயர்த்தாமல், காபியை ஆற்றிக்கொண்டே சொல்லுவாள்: "அணைச்சிருந்தா அண்ணா இருந்திருப்பான், மன்னி." சண்டைக்கு இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலத்தான்.

கூடத்து நடுவில் பிறகு யாரும் பல்பு மாட்டவில்லை. ஓரத்து டியூப் லைட்டே போதும் என்று இருந்துவிட்டார்கள். அந்த ஸ்விட்சின் மேல் ராஜம் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி வைத்தாள்.

*

ஹனியா அந்த வீட்டுக்குள் வந்தது 2009 தீபாவளிக்குப் பிறகு. சதுரங்கப்பட்டினத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஜெயினுலாபுதீனின் மகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. இயற்பியல், முதல் வகுப்பு. படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் படிப்பால் என்ன ஆயிற்று என்று அவளுக்கே விளங்கவில்லை. இரண்டு நேர்முகத் தேர்வுகளில், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். கேள்வி எளிதுதான். அவளுக்குத்தான் பதில் வரவில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் மரச் சில்லுகளைச் சேர்த்து, ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்த எல்.இ.டி. பட்டையை உள்ளே ஒட்டி, ஒரு தொங்கு விளக்கு செய்தாள். கடற்கரை ஹோட்டல் ஒன்று அதைப் பார்த்துவிட்டு இன்னும் நான்கு கேட்டது. இப்படி ஆரம்பித்ததுதான்.

மாமியின் மகள் சாருலதா பெங்களூரில் வேலை பார்ப்பவள். அந்த ஹோட்டலில் விளக்கைப் பார்த்து விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"கூடத்துல ஒரு கொக்கி பதினோரு வருஷமா காலியா தொங்கறது. அம்மா அதுக்குக் கீழேகூட நடக்க மாட்டா, சுத்திண்டு போவா. அதுல ஏதாவது ஒண்ணு மாட்டணும்" என்றாள். "மரம் நான் தரேன். அப்பா வாங்கினதுல மீந்தது பரண்ல கெடக்கு."

பரணிலிருந்து இறங்கியவை பட்டாபியின் தேக்குச் சட்டங்கள். ஒன்றரை இஞ்ச் அகலம், அரை இஞ்ச் கனம். கரப்பான் எச்சமும் தூசியுமாக இருந்தாலும் இழைப்புளி பட்டதும் தேன் நிறம் வந்தது. ஹனியா பதினெட்டுத் துண்டுகள் அறுத்தாள். மேலும் கீழும் இரண்டு மர வளையங்கள் செய்து, துண்டுகளைச் சுற்றிலும் இடைவெளி விட்டு நிறுத்தினாள். பீப்பாய் மாதிரி ஒரு கூடு. வளையங்களின் உட்புறம் காடி வெட்டி, எல்.இ.டி. பட்டையைப் பதித்து, முனைகளைப் பற்றவைத்தாள். வீட்டு மின்சாரத்தைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைக்கும் சின்னப் பெட்டி மேல் மூடிக்குள் போயிற்று.

ஒரு துண்டின் பின்புறம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. அழுத்தமான, சாய்ந்த கையெழுத்து: சிவப்பு நேரே. கறுப்பு நிறுத்தி.

அதை இழைத்து அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொண்டாள்.

விளக்கை மாட்டப் போன அன்று மாமியிடம் அதைக் காட்டினாள். மாமி கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அவர் எழுத்துதான். அது அவரோட சாஸ்திரம். சிவப்பு வயர் குங்குமம் மாதிரி, மங்களம், அது நேரே விளக்குக்குப் போகலாம். கறுப்பு அப்படிப் போகப்படாது. ஸ்விட்ச்ல நிறுத்தித்தான் விடணும்பார். புதுசா வாசல்ல வந்தவாளை நிறுத்தி விசாரிக்கற மாதிரி."

ஹனியாவும் சிரித்தாள். சிரித்தாளே தவிர அதற்கு மேல் யோசிக்கவில்லை. மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்தாள்; அதனால் டெஸ்டரைக்கூட வெளியில் எடுக்கவில்லை. பிளாஸ்திரியை சாருலதா உரித்தாள். ராஜம் ஸ்விட்சைப் போட்டாள். கூடம் முழுக்கத் தேக்குச் சட்டங்களின் நிழல் கோடு கோடாக விழுந்தது. மாமி சமையல்கட்டு வாசலில் நின்றபடியே பார்த்தாள்.

*

பத்து நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மதியம் கடைக்குப் போன் வந்தது.

"ஹனியா, நீ பண்ணின விளக்கு அணைய மாட்டேங்கறது" என்றாள் மாமி. குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

"ஸ்விட்ச் ரிப்பேரா மாமி?"

"ஸ்விட்ச் அணைஞ்சுதான் இருக்கு. நீ வா."

அத்தா ஜெயினுலாபுதீன் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "இன்னாம்மா, அணைச்சாலும் எரியுதா? நம்ம கடை வாசல்ல போர்டே எழுதி வெச்சுடலாமே!" என்றார். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவரும் சிரிப்பை விட்டுவிட்டு, "ரெயின் கோட்டு எடுத்துகினு போ. காத்து பேஜாரா கீது" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியம் மூன்று மணிக்கே எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கூடவே வந்தது. ஹனியா தன் வேலையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஸ்கூட்டியை ஓட்டினாள். பற்றவைத்த இடத்தில் கோளாறா? மலிவாக வாங்கிய பெட்டியில் கோளாறா? நான்கு விளக்கு விற்றதும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டோமோ?

கூடத்தில் டியூப் லைட் போடவில்லை. ராஜம் விளக்குக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. ஹனியா ஸ்விட்சைப் பார்த்தாள். அணைந்திருந்தது.

"உஷ். பாரு" என்றாள் ராஜம்.

விளக்கு இருட்டாகத் தொங்கியது. பிறகு அதன் வயிற்றுக்குள் லேசாக ஒரு வெளிச்சம் ஊறியது. ஊறி, கொஞ்சம் தயங்கி, வடிந்துவிட்டது. மழைச் சத்தம். ஹனியா தன்னையறியாமல் எண்ணினாள். ஒன்பது. மறுபடி ஊறியது, தயங்கியது, வடிந்தது. ஒன்பது. மறுபடி.

 முதல் வகுப்பு, பல்கலைக்கழக முத்திரை போட்ட சான்றிதழ், எல்லாம் இருந்தும் அந்தக் கூடத்தைவிட்டு வெளியே ஓடத்தான் ஹனியாவின் கால் நினைத்தது.

"அண்ணா வந்திருக்கான்" என்றாள் ராஜம். "அவன் வாங்கின மரத்துலேயே வந்து உக்காந்துண்டு கேக்கறான். ஏன் அணைக்கலைன்னு கேக்கறான்."

மாமி சமையல்கட்டு வாசலில் மத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"கடைசில அவருக்கு மூச்சு இப்படித்தான் வந்தது. விட்டு விட்டு. நான் பக்கத்துல உக்காந்து எண்ணினேன்" என்றாள். "ஹனியா, நீ படிச்சவ. எனக்கு நிஜத்தைச் சொல்லு. இது என்னைத்தான் கேக்கறதா?"

ஹனியாவிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "கொஞ்சம் இருங்க மாமி" என்று சொல்லிவிட்டு மர நாற்காலியை இழுத்தாள்.

"தொடாதே!" என்றாள் ராஜம்.

"தொட மாட்டேன். பார்க்கிறேன்."

ஏறி நின்று, சட்டங்களின் இடைவெளி வழியாக உள்ளே பார்த்தாள். வெளிச்சம் ஊறியது. அந்த அரைகுறை வெளிச்சத்தில் கூட்டுக்குள் படிக்கும்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். சிவப்பு நேரே. கறுப்பு நிறுத்தி. வடிந்ததும் எழுத்தும் போயிற்று. ஒன்பது எண்ணினாள். மறுபடி வந்தது. செத்துப்போன மனிதர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டுவது போல.

மூன்றாவது தடவை அவளுக்குப் புரிந்துவிட்டது.

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தாள். மேலே வயர் வந்து சேரும் இடத்தில் அதன் நுனியை வைத்தாள். ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, டெஸ்டர் எரியக் கூடாது. டெஸ்டரின் வயிற்றில் சின்னச் சிவப்பு நெருப்பு பிடித்தது.

நாற்காலியிலிருந்து இறங்க அவளுக்கு நேரமாயிற்று. பொய் சொல்லிவிடலாம். பெட்டியில் கோளாறு என்று சொல்லி விளக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும். இந்த வீட்டில் பட்டாபி செய்த வயரிங்தான் அவருடைய ஃபோட்டோவைவிடப் பெரிய ஃபோட்டோ. அவர் தன் கையாலேயே தன்னைக் கொன்றுகொண்டார் என்று சொல்ல, பக்கத்து ஊரிலிருந்து வந்த இவள் யார்? ஆனால் இதே வீட்டில் நாளைக்கு இன்னொரு பல்பு போகும். இன்னொருவர் ஸ்டூலில் ஏறுவார். மாமியோ இன்னும் மத்தைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"இது அவர் இல்லை மாமி" என்றாள் ஹனியா. "அவர் போட்ட வயரு. கரண்ட் உள்ள வர்றது சிவப்புல. ஸ்விட்ச் அதைத்தான் நிறுத்தணும். அவர் கறுப்பை நிறுத்தியிருக்கார். திரும்பிப் போற வழியை. அதனால பல்பு அணைஞ்சிடும், பார்க்கிறவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். ஆனா மேல கரண்ட் அப்படியே வந்து நின்னுக்கிட்டு இருக்கும்."

"இத்தனை நாள் எரியலையே?"

"குண்டு பல்பு எரிய நிறைய கரண்ட் வேணும். இதுக்கு ஒரு சிட்டிகை போதும். சுவரு மழையில ஊறியிருக்கு, அது வழியா கொஞ்சம் கொஞ்சமா கசியுது. அந்தப் பெட்டி அதைச் சேர்த்து வெச்சு, நிரம்பினதும் விட்டுடுது. திரும்பவும் சேர்க்குது. அதுதான் மூச்சு மாதிரி இருக்கு."

மாமி மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அன்னிக்கு நான் அணைச்சேனா?"

ஆமாம் என்று சொல்ல ஹனியாவுக்கு ஆசையாக இருந்தது. எவ்வளவு எளிது. ஆனால் அது அவளுக்குத் தெரியாத விஷயம்.

"அது எனக்குத் தெரியாது மாமி. அணைச்சிருந்தாலும் ஷாக் அடிச்சிருக்கும். என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மாமியின் முகம் மாறவில்லை. பதினோரு வருஷத்துக்கு அது போதவில்லை.

ராஜம் எழுந்துகொண்டாள். "யாரைத் தப்புங்கறே? எங்கண்ணாவையா? புஸ்தகத்தைப் படிச்சு ஒவ்வொரு ஆணியா அடிச்சான். ஒரு நாள் ஒரு ஃபியூஸ் போயிருக்குமா இந்த ஆத்துல? கடைசியா அவன் மாட்டின பல்புகூட அன்னிக்கு சாயங்காலம் கணக்கா எரிஞ்சது. நானே போட்டேன்!"

"எப்போ போட்டே?" என்றாள் மாமி.

"சாயங்காலம்தான். அவனைக் கூடத்துல கிடத்தியிருந்தது. காலம்பற பக்கத்தாத்து மாமா மெயினைப் புடுங்கிட்டாரோல்லியோ, இருட்டிண்டு வந்ததும் அவரே வந்து போட்டார். ரேழி எரிஞ்சது, அடுக்களை எரிஞ்சது, கூடம் மட்டும் எரியலை. அண்ணா தலைமாட்டுல வெளிச்சம் வேண்டாமான்னு நான்தான் போய் ஸ்விட்சைப் போட்டேன். பளிச்சுனு எரிஞ்சது."

"அதுக்கு முன்னாடி அந்த ஸ்விட்சை யாராவது தொட்டாளா, ராஜம்?"

"யார் தொடுவா? அந்தச் சுவர்ப் பக்கமே யாரும் போகலை. எல்லாரும் பயந்துண்டு..."

ராஜம் நிறுத்திவிட்டாள்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. விளக்கு ஒரு தடவை ஊறி வடிந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்கவில்லை.  காலையில் மாமி அணைத்தபடியே இருந்த ஸ்விட்சைத் தன் கையாலேயே போட்டவள் ராஜம்; அதை அவள் அன்றே யோசித்தாளா, யோசித்து எங்காவது ஒளித்து வைத்தாளா, இல்லை இந்த நிமிஷம்தான் அவளுக்கே தெரிந்ததா என்று ஹனியா அவள் முகத்தில் தேடிப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. மாமி தேடவே இல்லை. அவள் மத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஹனியாவைக் கேட்டாள்.

"இந்த ஒரு ஸ்விட்சுக்கு ஒரு மணி நேரம். வீடு முழுக்க இப்படித்தான் இருக்கும் மாமி. நாளைக்கு அத்தாவையும் கூட்டிக்கிட்டு வந்து எல்லாத்தையும் மாத்திடறேன்."

"இதை இப்பவே மாத்து."

மெயினை அணைத்தார்கள். மாமி டார்ச் பிடித்தாள். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்ததும் உள்ளே பட்டாபி முறுக்கிய முடிச்சுகள் கச்சிதமாக, கட்டிய பூ மாதிரி வரிசையாக இருந்தன. ஹனியா சிவப்பை நிறுத்தினாள். கறுப்பை நேரே விட்டாள். மாமி டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தாள். ஒரு தடவை மட்டும், "எவ்வளவு அழகா முடிஞ்சிருக்கார் பாரு" என்றாள்.

மெயினைப் போட்டபோது மணி ஐந்தே முக்கால். பழக்கத்தில் ராஜம் ஸ்விட்சை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"இரு" என்றாள் மாமி.

வலது கை ஆள்காட்டி விரலைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். நேரே நடந்தாள், விளக்குக்கு அடியில், சுற்றிக்கொண்டு போகாமல். போட்டாள். கூடத்தில் நிழல் கோடுகள் விழுந்தன. ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு அணைத்தாள். டக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அப்படியே நின்றாள், அந்தச் சத்தத்தை எங்கோ கேட்டது போல.

ஒன்பது வரைக்கும் ஹனியா எண்ணினாள். பிறகு இருபது. விளக்கு இருட்டாகவே தொங்கியது.

ராஜம் மறுபடி தரையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

"அவர் போயிட்டார், ராஜம்" என்றாள் மாமி. "நீ எழுந்து முகத்தை அலம்பிக்கோ. இனிமே விளக்கு நான் போட்டுக்கறேன்."

ஹனியா ரெயின் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னால் ரேழி எரிந்தது. அப்புறம் அடுக்களை எரிந்தது. கூடத்திலிருந்து மட்டும், இருட்டில், ராஜம் எண்ணுவது கேட்டுக்கொண்டே இருந்தது.